லோயர், ஹையர், லினக்ஸ்: பரீட்சைக்கு யார் பணம் கொடுப்பது?

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்திருந்தேன். தெருக்கோடி வீட்டுப் பையன் வந்து நின்றான். பெயர் வேண்டாம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. விடியற்காலையில் தென்னேரியிலிருந்து கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளில் அவனும் ஒருவன். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழ்.

"தாத்தா, இது செல்லுமா செல்லாதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். கெட்டிக் காகிதம், தங்க நிற எழுத்து, மூலையில் பெரிய முத்திரை. 'லினக்ஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று போட்டிருந்தது. ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் சனி, ஞாயிறு போய் வந்திருக்கிறான். கட்டணம் ரூ.28,000. அவன் அம்மா இரண்டு வளையலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனபோது, அங்கே இருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "பரீட்சை யார் வெச்சாங்க?" "பாடம் நடத்தின சாரேதான்" என்று இவன் சொன்னதும் சான்றிதழை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவன் என்னைக் கேட்டது இது: "லினக்ஸ் இலவசம்னுதானே தாத்தா சொல்றாங்க? அப்புறம் அதுக்கு சர்ட்டிபிகேட்டுக்கு மட்டும் எதுக்கு இவ்ளோ காசு?"

நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு மாதம் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை, என் பழைய அனுபவத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் டிரங்குப் பெட்டியில் இருக்கும் சான்றிதழ்களைச் சொல்ல வேண்டும். 1972-ல் டைப்ரைட்டிங் லோயர், அடுத்த வருஷம் ஹையர். தென்னேரியிலிருந்து வாலாஜாபாத்துக்கு சைக்கிள். அங்கே ஒரு இன்ஸ்டிடியூட். நீளமான அறை, வரிசையாக ரெமிங்டனும் ஹால்டாவும். ஆளுக்கு ஒரு மணி நேரம். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று விரல் பழகப் பதினைந்து நாள். வரி முடிவில் டிங் என்று மணி அடிக்கும். மாஸ்டர் மேஜைமேல் பிரம்பு இருக்கும். கீபோர்டைப் பார்த்து அடித்தால் விரல் முட்டியில் விழும்.

உங்களில் பலருக்குப் பரீட்சை நாள் நினைவிருக்கும். பரீட்சை நம் இன்ஸ்டிடியூட்டில் நடக்காது. வேறு ஊரில், அரசு சொல்லும் மையத்தில் நடக்கும். முதல் நாளே மிஷின்களைக் கோணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். காஞ்சிபுரத்து மையத்தில் நாலைந்து ஊர் மிஷின்கள் வந்து இறங்கியிருக்கும். அவரவர் மிஷினை அவரவர் தேடிக் கண்டுபிடித்து, ரிப்பனைச் சரிபார்த்து, மேஜையில் வைத்துவிட்டு வருவோம். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, பத்து நிமிஷத்தில் 1,500 தட்டு. ஹையருக்கு 45 வார்த்தை, 2,250 தட்டு. விசில் ஊதியதும் அத்தனை மிஷினும் ஒன்றாக ஆரம்பிக்கும் சத்தம் இருக்கிறதே, தகரக் கொட்டகையில் கல்மழை விழுந்தது போல.

இப்போது யோசித்துப் பார்த்தால், அதில் பணம் போன வழி மிகத் தெளிவாக இருந்தது. மாதாமாதம் நான் கொடுத்த சம்பளம் மாஸ்டருக்கு. மிஷின், ரிப்பன், எண்ணெய், அறை வாடகை எல்லாம் அவர் பாடு. பரீட்சைக் கட்டணம் அரசாங்கத்தின் தொழில்நுட்பக் கல்வித் துறைக்கு. கேள்வித்தாள் தயாரிப்பதும் தாள் திருத்துவதும் அவர்கள் வேலை. மாஸ்டருக்கு என்னைப் பாஸ் போட அதிகாரம் இல்லை. துறைக்கு எனக்குப் பாடம் நடத்தும் வேலை இல்லை. பாடத்திட்டம் யாருக்கும் சொந்தமில்லை. நாலு மிஷின் வாங்கி அங்கீகாரம் பெற்ற எவரும் சொல்லிக் கொடுக்கலாம். டைப்பிஸ்ட் வேலைக்கு லோயர், ஹையர் வேண்டும் என்று அரசே விதி வைத்திருந்ததால் ஊருக்கு ஊர் இன்ஸ்டிடியூட் பிழைத்தது. ஓலைக்கூரை வீட்டுப் பிள்ளையும் ஊர்ப் பெரிய மனிதர் பிள்ளையும் ஒரே விசிலுக்கு அடித்தார்கள். அந்த இரண்டு காகிதம்தான் எனக்கு 1974-ல் அரசு வேலை வாங்கிக் கொடுத்தது. 2011-ல் ஓய்வு பெறும்வரை அதன் மேல்தான் என் குடும்பம் நின்றது.

இது ஒரு வழி. நம் தமிழ்நாட்டிலேயே வேறு இரண்டு வழிகளையும் பார்த்திருக்கிறோம்.

1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிப்படியாகப் பரீட்சைகள் வைத்தார்கள். தமிழ் யாருக்கும் சொந்தமில்லை, திண்ணையில் யாரிடமும் கற்கலாம். ஆனால் கற்றவர் யார் என்று சொல்ல ஒரு சபை வேண்டியிருந்தது. அந்தச் சபைக்குப் பின்னால் நின்றது ஜமீன் பணம், சேதுபதி மன்னரின் ஆதரவு. வள்ளல்கள் இருக்கும்வரை இந்த வழிக்கு ஈடில்லை. ஆனால் பாண்டித்துரைத் தேவர் 1911-லேயே காலமானார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வித்துவான் பரீட்சையே ஓங்கி நின்றது.

இன்னொரு வழி, 1918-ல் காந்தி தொடங்கிவைத்த தட்சிண பாரத இந்தி பிரசார சபா. இந்தி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. 1965-ல் நானும் பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்து ஊர்வலம் போனவன்தான். பணம் எப்படிப் புரண்டது என்று மட்டும் பாருங்கள். பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா, விஷாரத், பிரவீண் என்று ஏணிப்படி போலப் பரீட்சைகள். சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்த பிரசாரக்குகள், அவர்களில் நிறையப் பேர் குடும்பப் பெண்கள். டியூஷன் பணம் அவர்களுக்கு, பரீட்சைக் கட்டணமும் புத்தக விற்பனையும் சபாவுக்கு. ஆளுக்குச் சிறு தொகைதான், ஆனால் எழுதுகிறவர்கள் ஏராளம். அந்தச் சில்லறையில் ஒரு நிறுவனம் நூறு வருஷம் கடந்து நிற்கிறது. எவ்வளவு எதிர்ப்பு வந்த மாநிலம் இது!

ஆக வள்ளல் பணம், பரீட்சை எழுதுகிறவர் பணம், அரசுப் பணம் என்று மூன்று வழி. இந்த மூன்றும் கம்ப்யூட்டர் காலத்தில் அப்படியே திரும்பி வந்திருக்கின்றன.

லினக்ஸ் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு நம்மூர் பாஷையிலேயே சொல்கிறேன். கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் அது. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்தார். அதற்கு முன்பே, 1983 முதல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் மென்பொருள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று க்னூ என்ற திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்தன. எழுதிய வரிகளை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். நம் தென்னேரி ஏரி மாதிரி. தண்ணீர் எல்லாருக்கும் பொது. ஆனால் பொதுத் தண்ணீருக்கும் மதகு திறந்து மூட ஒரு நீர்க்கட்டி வேண்டும், அறுவடையில் அவருக்கு நெல் அளக்க வேண்டும். 'திறந்த மூலம்' என்று இப்போது சொல்வதும் அப்படித்தான். பொருள் இலவசம், அதைச் சுற்றி உழைப்பவருக்குக் கூலி உண்டு.

1990-களின் கடைசியில் கம்பெனிகள் லினக்ஸுக்கு மாற ஆரம்பித்தன. ஆள் வேண்டும். "எனக்கு லினக்ஸ் தெரியும்" என்று எவனும் சொல்லலாம், நம்புவது எப்படி? மைக்ரோசாஃப்ட், நோவெல் போன்றவர்களிடம் அவரவர் சரக்குக்கு அவரவர் பரீட்சை இருந்தது. லினக்ஸுக்கோ முதலாளியே கிடையாது. பரீட்சையை யார் நடத்துவது?

ஒரு பதில் ரெட் ஹேட் கம்பெனியிடமிருந்து வந்தது. ஆர்.எச்.சி.இ. என்ற பரீட்சை. இதில் சரியான விடைக்கு டிக் அடிக்கும் வேலை இல்லை. ஒரு நிஜக் கம்ப்யூட்டரைக் கொடுத்து, இன்னின்ன செய் என்பார்கள். நம் டைப்ரைட்டிங் பரீட்சை மாதிரி கை வேலை. அதனால் மதிப்பு அதிகம், கட்டணமும் அதிகம். மென்பொருளை இலவசமாக விட்டு, பராமரிப்புச் சந்தா, பயிற்சி, பரீட்சை ஆகியவற்றில் சம்பாதிப்பது அந்தக் கம்பெனியின் வியாபாரம். அது நஷ்ட வியாபாரம் என்று நினைக்காதீர்கள். 2019-ல் ஐ.பி.எம். அந்தக் கம்பெனியை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது! ஆனால் இந்த வழியில் பாடம் நடத்துகிறவரும் பரீட்சை வைக்கிறவரும் சரக்கு விற்கிறவரும் ஒருவரே. பெயர் பெரியது என்பதால் சந்தை நம்புகிறது.

இரண்டாவது பதில் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களிடமிருந்தே வந்தது. எந்தக் கம்பெனிக்கும் சாயாத ஒரு பரீட்சை வேண்டும் என்று 1998-ல் டான் யார்க் என்பவர் கட்டுரை எழுதினார். ஆர்வமுள்ளவர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்தார்கள். 1999-ல் கனடாவில் லினக்ஸ் புரொஃபஷனல் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக எல்.பி.ஐ., லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவானது. 2000 ஜனவரியில் முதல் பரீட்சை.

இவர்கள் செய்ததைப் படித்தபோது எனக்கு வாலாஜாபாத் இன்ஸ்டிடியூட் ஞாபகம்தான் வந்தது. என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலை எல்லாரும் பார்க்க வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் புத்தகம் எழுதலாம், வகுப்பு எடுக்கலாம், வீட்டிலேயே படிக்கலாம். அமைப்பின் வேலை பரீட்சை மட்டும். உலகம் முழுக்க மையங்கள் வைத்திருக்கும் பரீட்சைக் கம்பெனிகளின் இடத்தில் நடத்தினார்கள்.

தொண்டர்கள் சேர்ந்து மென்பொருளை எழுதிவிடலாம். பரீட்சையை அப்படி நடத்திவிட முடியவில்லை. கேள்விகளைச் சோதித்துத் தேற வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும், ஆள்மாறாட்டம் தடுக்க வேண்டும், மைய வாடகை கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு. ஆரம்பத்தில் ஐ.பி.எம்., சூசே போன்ற கம்பெனிகள் நன்கொடை கொடுத்தன. மதுரைச் சங்கத்துக்கு ஜமீன் மாதிரி. ஆனால் 2000-01 டாட்காம் சரிவில் லினக்ஸ் கம்பெனிகள் பல நொடித்துப் போயின. வள்ளலை மட்டும் நம்பியிருந்தால் பரீட்சையும் அவர்களோடு போயிருக்கும். எழுதுகிறவர் கட்டும் கட்டணமே நிலையான வரும்படி. இந்தி சபாவின் வழி.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எல்.பி.ஐ. சான்றிதழ் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும், ரெட் ஹேட் சான்றிதழ் மூன்று வருஷம். பிறகு மறுபடி எழுத வேண்டும். தொழில் மாறிக்கொண்டே இருக்கிறது, பழைய படிப்பு பழசாகிவிடும் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அமைப்புக்கு மறுபடி வருமானம் என்பதும் நிஜம். என் 1972 காகிதத்துக்குக் காலக்கெடு கிடையாது; அது செல்லும், மிஷின்தான் செல்லாமல் போய்விட்டது! இந்தப் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, அரசுப் பணம். இதில் நம் நாடு செய்திருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2003-ல் மத்திய அரசு பணம் கொடுத்து, ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்ற திட்டம் தொடங்கின. இதை முன்னின்று நடத்துவதில் நம் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரும் பங்கு. பேராசிரியர்களின் வகுப்புகளைப் படம் பிடித்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பத்து வருஷம் பார்த்தபின் ஒன்று புரிந்தது: பாடம் பார்த்தவனுக்குக் கையில் காட்ட ஒரு காகிதம் வேண்டும். 2014 முதல் சான்றிதழ்ப் பரீட்சை வந்தது. பாடம் கேட்கவும் வாராந்தரப் பயிற்சி செய்யவும் ஒரு பைசா வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும், ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டி, குறித்த நாளில் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தரப் பயிற்சிக்கு 25, பரீட்சைக்கு 75 மதிப்பெண். பாடத்தை அரசு சுமக்கிறது, பரீட்சைச் செலவில் மாணவன் பங்கு போடுகிறான்.

மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா ஆரம்பித்த ஸ்போக்கன் டுடோரியல் இன்னொன்று. லினக்ஸ் முதலான திறந்த மென்பொருள்களுக்குப் பத்து நிமிஷப் பாடங்கள், தமிழ் உட்படப் பல மொழிகளில். அரசுப் பணத்தில் கல்லூரிகளுக்கு இலவசப் பயிற்சியும் பரீட்சையும் கொடுத்தார்கள். பின்னாளில் கல்லூரிகளிடம் ஆண்டுச் சந்தா வாங்கும் நிலைக்கு வந்தார்கள். அரசுப் பணம் தொடங்கிவைக்கும். எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்கும் என்று சொல்ல முடியாது.

நம் மாநிலத்திலும் வாய்ப்புகள் வந்து போயின. 2006-ஐ ஒட்டி எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, அரசுக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்ற முனைந்தது. 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பையனைக் கேட்டேன். "இருந்துச்சு தாத்தா, ஆனா யாரும் தொறக்கல" என்றான். ஏன் திறப்பார்கள்? அதைக் கற்றவனுக்கு லோயர், ஹையர் மாதிரி ஒரு பரீட்சையும் இல்லை, அதைக் கேட்கும் ஒரு வேலை விதியும் இல்லை. பொருளை இலவசமாகக் கொடுத்தோம். அதைக் கற்றவனுக்கு ஒரு மதிப்பை ஏற்படுத்தவில்லை.

இந்த இடத்தில் உத்திரமேரூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லாரும் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், வாரிய உறுப்பினருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். 35 வயதுக்கு மேல், 70-க்குள், சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் நிலம், வேதப் படிப்பு. அந்தத் தகுதிகள் யாரை உள்ளே விட்டன, யாரை வெளியே நிறுத்தின என்பது வேறு கதை. அதே ஊரில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. ஊரில் பொன்னை உரைத்துப் பார்த்து மாற்றுச் சொல்பவர்களைப் பற்றியது. பொன் பார்க்கத் தெரிந்தவர்களுக்குள்ளேயே குடவோலை எடுத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். உரைக்கும்போது மெழுகில் ஒட்டிக்கொள்ளும் பொன்னை அவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

இதன் சூட்சுமத்தைப் பாருங்கள். பொன் உன்னுடையது, அதை நீ எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். மாற்று என்ன என்று சொல்பவன் மட்டும் விற்பவனாகவும் இருக்கக் கூடாது, வாங்குபவனாகவும் இருக்கக் கூடாது, உரைப்பதில் ஒட்டும் துகளில்கூட அவனுக்குப் பங்கு இருக்கக் கூடாது. அந்தத் துகள் ஊர்ப் பொதுவான ஏரிக்குப் போக வேண்டும்.

அன்று அந்தப் பையனுக்குச் சொல்ல முடியாத பதிலை இப்போது சொல்கிறேன். படிப்பு இலவசமாகலாம். பரீட்சை இலவசமாகாது, யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். வள்ளல் கொடுத்தால் அவர் இருக்கும்வரை. கம்பெனி கொடுத்தால் அதன் சரக்கு விற்கும்வரை. அரசு கொடுத்தால் திட்டம் ஓடும்வரை. எழுதுகிறவர்கள் சிறு தொகையாகப் போட்டால் நீண்ட நாள் நிற்கும், ஆனால் ஏழைப் பிள்ளைக்கு அந்தச் சிறு தொகையும் பெரிது. எந்த வழியானாலும் கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சென்னைக் கம்பெனிக்காரர் கேட்டதுதான்: பரீட்சை யார் வைத்தார்கள், நீ பாஸானதில் அவருக்கு என்ன லாபம்? இவனிடம் ரூ.28,000 வாங்கியவருக்கு இவனைப் பெயிலாக்க வழியே இல்லை. அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பும் இல்லை.

அரசு மனம் வைத்தால் வழி இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வித் துறை இன்றும் டைப்ரைட்டிங் பரீட்சை நடத்துகிறது. 'கம்ப்யூட்டர் ஆன் ஆஃபீஸ் ஆட்டோமேஷன்' என்று ஒரு பரீட்சையும் வைத்திருக்கிறது. மையம், திருத்துபவர், சான்றிதழ் அச்சிடும் ஏற்பாடு எல்லாம் கையில் இருக்கின்றன. அதே வரிசையில் லினக்ஸ் லோயர், லினக்ஸ் ஹையர் என்று இரண்டு செய்முறைப் பரீட்சை வைத்தால் என்ன? வாலாஜாபாத்திலும் உத்திரமேரூரிலும் நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவரும் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு தலைமுறையை டைப்ரைட்டர் கரையேற்றிய மாதிரி இன்னொரு தலைமுறையை இது ஏற்றும்.

பையன் கதையை முடிக்க வேண்டும். அவனை என்.பி.டி.இ.எல்.லில் கிளவுட் கம்ப்யூட்டிங் பாடத்தில் சேரச் சொன்னேன். லினக்ஸ் அடிப்படைக்கு 2012 முதல் தமிழில் வரும் கணியம் இதழின் கட்டுரைகளைப் படித்தான். ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்காருவான். பரீட்சைப் பணம் நான் தருகிறேன் என்றேன். அவன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "வேணாம் மாமா, அவன் சம்பளத்துலயே கட்டட்டும். அப்பத்தான் ஒழுங்கா படிப்பான்" என்றாள். பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

58 மதிப்பெண். 60 எடுத்திருந்தால் 'எலைட்' என்று போட்டு வரும். இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. கொஞ்சம் வருத்தம்தான் அவனுக்கு. "டேய், ஹையர்ல நான் முதல் தடவை பெயில்டா" என்றேன். அது உண்மை, இத்தனை வருஷம் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அவன் சிரித்துவிட்டான்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அடுத்த பாடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். தங்க எழுத்துச் சான்றிதழை என்ன செய்தாய் என்று கேட்டேன். "உறை மட்டும் நல்லா இருந்துச்சு தாத்தா, புதுசை அதுல போட்டுட்டேன்" என்றான்.